பெங்களூரைச் சுற்றியுள்ள பாறை மலைகள்: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் படித்திருப்பதால் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். புதிதாகச் சேருகிறவர்களும் அதே கேள்விகளைக் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை போகிறோம். எங்கே தொடங்கலாம்?

லால்பாக். மலை என்று சொல்லிவிட்டுப் பூங்காவுக்கு அனுப்புகிறேனே என்று நினைக்க வேண்டாம். பூங்காவுக்குள்ளேயே ஒரு பெரிய பாறைக் குன்று இருக்கிறது. அதன் உச்சியில் கெம்பே கவுடர் கோபுரம் நிற்கிறது. அந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கீழே பலகையும் வைத்திருக்கிறார்கள். வயது சுமார் 300 கோடி ஆண்டு. பச்சை வழி மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கைக்குழந்தை, முழங்கால் வலிக்காரர் யாரும் வரலாம்.

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் பாறையின் வரிகள் எடுப்பாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும்.

அந்தப் பாறையில் அப்படி என்ன பார்ப்பது? வெறும் கல்தானே?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குனிந்து, முகத்தைப் பாறைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோங்கள். வெளிர் நிறத்தில் ஒரு வரி, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வரி என்று மாறி மாறி ஓடும். வெளிர் வரியில் இருப்பவை குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். குவார்ட்ஸ் என்பது ஊரில் நாம் வெங்கச்சங்கல் என்று பொறுக்கி விளையாடியதேதான். கருப்பு வரியில் பெரும்பாலும் பயோட்டைட் என்ற மைக்கா. காக்காய்ப்பொன் என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் பொடிப்பொடியாக மினுக்கும்.

இப்போது ஒரு வரியின் மேல் விரலை வைத்து அது போகிற வழியே போங்கள். கொஞ்ச தூரம் நேராகப் போகும். பிறகு வளையும். ஓரிடத்தில் பரோட்டா மாவை விசிறி மடித்த மாதிரி மடிந்து திரும்பி வரும். கல் எப்படி மடியும்? பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் அது இளகிக் கிடந்தபோது மடிந்தது. சில பகுதிகள் உருகவே செய்தன. உருகிய வெளிர் பகுதி இடுக்குகளில் ஓடி உறைந்ததைத்தான் வெள்ளை நரம்புகளாகப் பார்க்கிறோம். இப்படி வரிவரியாக மாறிய பாறைக்கு நைஸ் என்று பெயர். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமே இந்த வகைப் பாறைதான். மைசூர் சமஸ்தானத்தின் புவியியல் துறையில் இருந்த ஸ்மீத் என்பவர் 1916இல் இதற்குத் 'தீபகற்ப நைஸ்' என்று பெயர் வைத்தார். இன்றும் உலகம் முழுக்க அதே பெயர்தான்.

என் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது அந்த வரி ஒன்றின் மேல் காலடிக்குக் காலடி வைத்து நடந்தாள். மடிப்பு வந்த இடத்தில் நின்று, "அப்பா, ரோடு யு-டர்ன் போடுது" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

300 கோடி ஆண்டு என்றால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

துணி காயப்போடும் கொடிக்கயிறு 30 மீட்டர் வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்கு. ஒரு முனை இன்றைய நாள், மறுமுனை லால்பாக் பாறை. அடுக்ககத்தின் மாடி வராந்தாவில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இன்றைய முனையிலிருந்து துணிக் கிளிப்புகளை மாட்டிக்கொண்டே போங்கள்.

மனித இனம் தோன்றியது முனையிலிருந்து 3 மில்லிமீட்டரில். கிளிப்பே மாட்ட முடியாது, அந்த அளவுக்கு அருகில். இமயமலை எழும்பத் தொடங்கியது அரை மீட்டரில். டைனோசர்கள் அழிந்தது 66 சென்டிமீட்டரில், தோன்றியது இரண்டேகால் மீட்டரில். நிலத்தில் செடிகள் முளைத்தது நாலரை மீட்டரைத் தாண்டி. கண்ணுக்குத் தெரியும் விலங்குகள் கடலில் வந்தது ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. அதற்கப்புறம் மிச்சமிருக்கும் 24 மீட்டர் கயிற்றில் பெரும்பாலும் நுண்ணுயிர்கள்தான். மைசூர் சாலையில் வரும் ராமநகரக் குன்றுகளின் கிரானைட்டுக்கு 25ஆவது மீட்டரில் ஒரு கிளிப் போடுங்கள்.

இதைச் செய்துவிட்டுப் பாறைக்குப் போனால் பிள்ளைகள் அதைத் தொடுகிற விதமே மாறிவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது, துணி காயப்போட யாருக்கும் தருவதில்லை.

நந்தி மலை, சாவன துர்கா எல்லாம் எரிமலையா?

இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே கொட்டி உறைந்தால் வருவது வேறு வகைப் பாறை. இந்தக் குன்றுகள் குழம்பு வெளியே வராமல், ஆழத்திலேயே மிக மெதுவாக ஆறி உறைந்த கிரானைட் வகை. மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைத்தது. ராமநகரத்திலும் சாவன துர்காவிலும் பாறையைக் கிட்டே பாருங்கள். கடலைமிட்டாயில் கடலை பதிந்திருப்பது போல, கட்டைவிரல் அளவுக்கு இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார் படிகங்கள் பதிந்திருக்கும். சில இடங்களில் அவை எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் படுத்திருக்கும். குழம்பு ஓடிய திசை அது.

இந்தப் பாறைக்கு குளோஸ்பெட் கிரானைட் என்று பெயர். குளோஸ்பெட் என்பது ராமநகரத்தின் பழைய பெயர். மைசூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த பாரி குளோஸின் பெயரால் வந்தது. ஊர் பெயர் மாறிவிட்டது, பாறையின் பெயர் நின்றுவிட்டது. வடக்கு தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் இந்தப் பட்டைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மைசூர் சாலையில் போகும்போது ஜன்னல் பக்கம் தெரியும் குன்றுகள் அந்தப் பட்டையில் அடக்கம்.

ஆழத்தில் உறைந்தது என்றால் மேலே எப்படி வந்தது? ஏன் மொட்டையாக, உருண்டையாக இருக்கிறது?

மேலே மூடியிருந்த பல கிலோமீட்டர் கனமான பாறை மழையிலும் காற்றிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிபட்டுப் போனது. விரிசல் நிறைந்த பாறை சீக்கிரம் அரிந்தது. விரிசல் குறைந்த, இறுகிய பகுதி நின்றது. அந்த நின்ற பகுதிதான் சாவன துர்கா. கடல்மட்டத்திலிருந்து 1226 மீட்டர். ஒரே கல்லாலான குன்றுகளில் ஆசியாவின் பெரியவற்றில் ஒன்றாகச் சொல்வார்கள்.

மேலிருந்த பாரம் இறங்கியதும் பாறை லேசாக விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக, வெங்காயத் தோல் மாதிரி, தகடு தகடாக விடுபடுகிறது. சரிவில் நடக்கும்போது விரல் முட்டியால் பாறையைத் தட்டிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். ஓரிடத்தில் 'டொக்' என்று பானையைத் தட்டினாற்போல் கேட்கும். அங்கே தகடு கீழிருந்து விடுபட்டுவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் இந்த விளையாட்டை விடவே மாட்டார்கள். விளிம்பில் தொங்கும் தகடுகளுக்குக் கீழே மட்டும் யாரையும் நிற்க விடாதீர்கள்.

கல்லுடைக்கும் தொழிலாளர்கள் இந்தத் தகடுகளின் சூத்திரத்தை அறிந்தவர்கள். பெங்களூர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் பாறையின் மேல் விறகை எரித்து, நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். சூடான மேல்தகடு விரிந்து, அப்பளம் போல் மொத்தமாக விட்டுக்கொடுக்கும். பிறகு உளியால் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கி, வேண்டிய அளவில் பிளப்பார்கள். குன்றின் அடிவாரத்தில் ஓரம் நேராக வெட்டுப்பட்ட பாறை கண்ணில் பட்டால் அந்த ஆப்புக் குழிகளைத் தேடுங்கள், தபால்தலை ஓரம் போல் வரிசையாக இருக்கும்.

பெரியவர்களை எந்த மலைக்குக் கூட்டிப்போகலாம்?

நந்தி மலை. 1478 மீட்டர் உயரம், பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வண்டி கிட்டத்தட்ட உச்சிவரை போகும். ஞாயிறு விடியற்காலைக் கூட்டம் பயங்கரம் என்பதால் முடிந்தால் வார நாளில் போங்கள். அடிவாரத்தில் நந்தி கிராமத்தில் 'போக நந்தீஸ்வரர்' கோயில் இருக்கிறது. பழமை ஒன்பதாம் நூற்றாண்டு வரை போகிறது. சோழர் கைவேலையும் அதில் உண்டு. பெரியவர்கள் மலையைவிட அங்கேதான் அதிக நேரம் இருக்க விரும்புவார்கள். தூண்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவகங்கே மலைக்கும் போகலாம். படியும் பிடிகம்பியும் இருக்கின்றன, ஆனால் மேல் பகுதி செங்குத்து. எங்கள் மாமனார் பாதி வழியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, நான் குரங்கைப் பாத்துட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

சாவன துர்காவில் குடும்பத்தோடு உச்சி ஏற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சரிவு வழுவழுப்பு, பிடிக்க எதுவும் கிடையாது, இறங்கும்போது வழி தவறுவது வெகு சுலபம். அடிவாரத்து வீரபத்திரர், நரசிம்மர் கோயில்களைச் சுற்றியே அரை நாளுக்குப் பார்க்க வேண்டியது இருக்கிறது.

உச்சிக்குப் போகாமல் திரும்பினால் போனதே வீண் இல்லையா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குன்றில், இன்னும் இருபது நிமிடம்தான் என்று மகனை அவசரப்படுத்திக்கொண்டு ஏறினேன். முந்தின இரவு மழை. பாறைச் சரிவில் மேலிருந்து கீழாகக் கருப்புப் பட்டைகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் வழியும் தடம் அது. அதில் வாழும் நுண்ணுயிர்களின் படலம்தான் அந்தக் கருப்பு. காய்ந்திருக்கும்போது கால் நன்றாகப் பிடிக்கும், நனைந்தால் விளக்கெண்ணெய் தடவின மாதிரி. மகன் அதில் கால் வைத்து நாலைந்து அடி சறுக்கி, ஒரு புல் திட்டில் தட்டி நின்றான். முழங்காலும் உள்ளங்கையும் சிராய்ந்துபோயின, அவ்வளவுதான். அந்தப் புல் திட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று பிறகுதான் எட்டிப் பார்த்தேன்.

அன்று அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். அவன் அழுது முடித்ததும், தடுத்து நிறுத்திய அந்தப் புல்லைக் கிள்ளி முகர்ந்தான். எலுமிச்சை வாசனை. பாறை இடுக்கில் ஒரு பிடி மண் சேர்ந்தால் போதும், இந்த வாசனைப் புல் பிடித்துக்கொள்ளும். அதன் வேரில் இன்னும் கொஞ்சம் மண் தங்கும். அப்புறம் அங்கே ஒரு கல்லிச்சி மரம் வரும். அதன் வேர் உருகின மெழுகு மாதிரி பாறைமேல் வழிந்து விரிசலைத் தேடும். ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராமல் நாங்கள் பார்த்தது, அதற்கு முன் பத்து உச்சிகளில் பார்த்ததைவிட அதிகம். அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் விதியே இதுதான்: ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பது. உச்சி, நேரம் இருந்தால்.

ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் பிள்ளைகள் இருப்பார்களா?

கையில் வேலை இருந்தால் இருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, ஒரு காந்தம், நோட்டு, பென்சில் போதும். காந்தத்தை மெல்லிய பாலிதீன் உறையில் சுற்றி, காய்ந்த மண்ணில் இழுக்கச் சொல்லுங்கள். கருப்பு மீசை மாதிரி பொடி ஒட்டிக்கொண்டு வரும். பாறையிலிருந்து உதிர்ந்த மேக்னடைட் என்ற இரும்புத் தாது அது. உறையை உருவினால் பொடி தானாக விழும்.

பாறைமேல் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும் பொருக்குகளையும் லென்ஸில் பாருங்கள். லைக்கன் என்ற உயிர், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துவது. செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடுகிறோமே கல்பாசி, அது இதன் உறவுக்காரன். சுரண்டக் கூடாது. ஒரு விரல்நகம் அளவு வளரவே பல வருடம் பிடிக்கும்.

என்னென்ன உயிரினங்களைப் பார்க்கலாம்?

கட்டாயம் பார்ப்பது பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு முதுகு செக்கச்செவேல் என்றும் பக்கங்கள் கரியாகவும் மாறும். உயரமான கல்லில் ஏறி உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும். இன்னொரு ஆண் வந்தால் நிறம் கண்ணெதிரே மாறும். சும்மா பத்து அடி தள்ளி உட்கார்ந்தால் போதும், அது தன்பாட்டுக்கு நாடகத்தை நடத்தும். பெண் ஓணான் பாறை நிறத்திலேயே இருப்பதால் முதலில் கண்ணுக்கே தெரியாது.

நந்தியிலும் ராமநகரத்திலும் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. தீபகற்ப இந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. ராமநகரத்தின் ராமதேவர பெட்டாவில் கருங்கழுத்துப் பாறுகள் கூடு வைப்பதால் 2012இல் அதைப் பாறுக் கழுகுகளின் சரணாலயமாக அறிவித்தார்கள். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடெங்கும் அவற்றைக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. ராமநகரத்தில் மிஞ்சியிருப்பவை மிகச் சில. செங்குத்துப் பாறையில் வெள்ளையடித்த மாதிரி எச்சம் வழிந்த விளிம்புகள் தெரிந்தால் அங்கே பார்வையை வைத்துக் காத்திருங்கள். வானத்தில் பாறுக் கழுகைப் பார்த்ததாகச் சொல்லுமளவுக்கு ஒருமுறைகூட எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. போய்க்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் பாறைக்குழிகளில் தண்ணீர் தேங்கிச் சின்னச் சின்னக் குளங்களாக நிற்கும். தலைப்பிரட்டைகள் இருக்கும். தண்ணீரில் கைகழுவவோ சோப்புப் போடவோ கூடாது. அந்தக் குழி வற்றுவதற்குள் தவளையாகிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறது அது.

இங்கே ஃபாசில் கிடைக்குமா?

கிடைக்காது. உருகி, இறுகி, படிகமான பாறையில் புதைபடிவம் தங்காது. இந்தப் பாறைகள் உருவானபோது எலும்போ ஓடோ உள்ள உயிரே உலகில் இல்லை. பிள்ளைக்கு அந்த ஆசை இருந்தால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விழுப்புரம் பக்கத்தில் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்களைக் காட்டுங்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு முழு மரமே கிடக்கிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம்.

நினைவாக ஒரு கல் எடுத்துக்கொள்ளலாமா?

மலையிலிருந்து வேண்டாம். பெரும்பாலான குன்றுகள் வனத்துறை நிலம் அல்லது கோயில் நிலம். கல் ஆசைக்கு உங்கள் தெருமுனையே போதும். எங்காவது வீடு கட்ட ஜல்லி கொட்டியிருப்பார்கள், பெங்களூரில் அதற்குப் பஞ்சமா? மேஸ்திரியிடம் கேட்டு ஒரு கை அள்ளிக் கழுவிப் பாருங்கள். வரிப்பாறைத் துண்டு, இளஞ்சிவப்புத் துண்டு, கன்னங்கரேலென்று ஒரு துண்டு எல்லாம் வரும். அந்தக் கருப்பு பெரும்பாலும் டோலரைட். பழைய பாறையின் விரிசலில் பின்னாளில் குழம்பு ஏறி உறைந்தது. சமையல்மேடைக்குக் 'கருப்பு கிரானைட்' என்று கடையில் விற்பது பல சமயம் இந்த வகைதான், கிரானைட்டே அல்ல.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த ஜல்லியும் எம்-சாண்டும் ஏதோ ஒரு குன்றை உடைத்து வந்தவை. நாம் குடியிருக்கும் அடுக்ககமும் அப்படித்தான். பாதி வெட்டிய குன்றுகளை வழியில் பார்க்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள். மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.

இந்த மலைகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, தண்ணீர் வழியாக. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

நந்தி மலைத்தொடரும் அதை ஒட்டிய கோலார் பகுதியும் பல ஆறுகளின் தலைமாடு. நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதி தெற்கே இறங்கி, கனகபுரத்துக்கு அப்பால் சங்கமத்தில் காவிரியில் சேருகிறது. அந்தத் தண்ணீர் மேட்டூருக்கு வரும். நந்திக்கு அருகே சென்னகேசவ மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணை வழியாகக் கடலூரில் கடலைத் தொடுகிறது. கோலார் மாவட்டத்தில் பிறக்கும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் என்று போகிறது. இன்னொரு பெண்ணையாறு, வடபெண்ணை, வடக்கே திரும்பி ஆந்திரத்தில் நெல்லூருக்குப் போகிறது.

என் மனைவிக்கு ஊர் ஆம்பூர்ப் பக்கம். பாலாற்றில் தண்ணீர் பார்த்த நினைவைவிட மணல் பார்த்த நினைவுதான் அவளுக்கு அதிகம். அந்த மணல் எங்கிருந்து வந்தது? கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் மழையில் மெல்ல மெல்லக் களிமண்ணாகிக் கரைந்துவிடும். குவார்ட்ஸ் கரையாது, மணலாக உதிர்ந்து ஆற்றோடு போகும். ஆம்பூரிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த ஒரு பிடி மணலையும் கோலார்ப் பக்கம் சாலையோரச் சரளையையும் ஒரே வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸில் பார்த்தோம். சரளையில் குவார்ட்ஸ் கூர்முனையோடு உடைந்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஆற்று மணலில் முனைகள் மழுங்கியிருந்தன. வழியெல்லாம் உருண்டதன் அடையாளம். அவள் வெகுநேரம் லென்ஸைத் திருப்பித் தரவில்லை.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரலில் பாறை தோசைக்கல்லாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திடீர் இடிமழை வரும். மொட்டைப் பாறையில் நம்மைவிட உயரமாக எதுவும் இல்லை என்பதால் இருட்டிக்கொண்டு வந்தாலே இறங்கிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை லால்பாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?

மலைத்தேன் கூடுகள். செங்குத்துப் பாறையில் பெரிய கருப்புத் தோரணம் மாதிரி தொங்கும். கீழே கத்துவது, கல் எறிவது, புகை போடுவது, ட்ரோன் விடுவது எதுவும் கூடாது. ராமநகரம், சாவன துர்காப் பக்கம் சிறுத்தையும் கரடியும் உண்டு. விடியும் முன்பும் இருட்டிய பின்பும் அங்கே நமக்கு வேலை இல்லை. சில மலைகளுக்கு வனத்துறையில் முன்பதிவு வேண்டும், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சாப்பாட்டைக் கைப்பையில் கேரி பேக்கோடு வைக்காதீர்கள், அந்தச் சரசரப்பு கேட்டால் குரங்கு வந்துவிடும். புளியோதரையும் தயிர்சாதமும் டிபன் டப்பாவில், முதுகுப்பைக்குள்.

கோலார் தங்கவயலுக்கும் குடும்பத்தோடு போகலாமா?

போகலாம். தமிழ்க் குடும்பங்கள் ஒருமுறையாவது போக வேண்டும் என்பேன். பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வழியில் கோலார் ஊரை ஒட்டி அந்தரகங்கே மலை. பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து குகைகளாகக் கிடக்கின்றன, நந்தி வாயிலிருந்து ஊற்று நீர் விழுகிறது.

தங்கவயலின் பாறையே வேறு. கிரானைட்டும் நைஸும் சூழ்ந்த நிலத்தின் நடுவே, கரும்பச்சை நிறத்தில், குறுகலாக வடக்கு தெற்காக ஓடும் ஒரு பட்டை. பழங்காலத்தில் கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு மாறிய பாறை. சில இடங்களில் குழம்பு தண்ணீரில் உறைந்து தலையணை தலையணையாகக் குவிந்த வடிவம்கூட நிற்கிறது. அந்தப் பாறையின் விரிசல்களில் ஏறிய குவார்ட்ஸ் நரம்புகளில்தான் தங்கம். அந்த நரம்பைத் துரத்திக்கொண்டு 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போனார்கள். இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் ஆட்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது.

என் அம்மாவின் அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும் என்று சொல்வார். ஊரைச் சுற்றி வெளிர் நிறத்தில் மேடுமேடாக நிற்பவை தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். சயனைடு சேர்த்து அரைத்தது. பிள்ளைகள் மணல்மேடு என்று ஏறப் பார்ப்பார்கள், விடாதீர்கள். காற்றடிக்கும் நாளில் தூரத்தில் நின்றே பாருங்கள். பழைய குழிகளின் பக்கமும் போக வேண்டாம். சாலையோரத்தில் அந்தக் கரும்பச்சைப் பாறை வெளியே தெரியும் இடம் நிறைய உண்டு. அங்கே நிறுத்தி, லென்ஸை எடுத்து, கருப்புக்குள் ஓடும் வெள்ளை நரம்பைத் தேடச் சொல்லுங்கள். தாத்தா தன் வாழ்நாளெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தேடியது அந்த வெள்ளையைத்தான்.